மலையேற எவ்வளவு நேரம், எவ்வளவு தெம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமலை, அழகர்மலை, சிறுமலை என்றும், நாள் வாய்த்தால் சதுரகிரி என்றும் போய்வரும் ஒரு சிறு குழுவோடு பல ஆண்டுகளாக நடந்துவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் சனிக்கிழமை இரவு தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, என் விடைகளையும் சேர்த்திருக்கிறேன். காட்டுப்பகுதி எதுவாக இருந்தாலும் வனத்துறையின் அனுமதியையும் நேரக் கட்டுப்பாட்டையும் முதலில் கேட்டு அறிந்துகொண்ட பிறகே கீழுள்ள கணக்குகளுக்கு வர வேண்டும்.

அண்ணே, போக வர மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர்தானாம். ரெண்டரை மணி நேரத்துல வந்துரலாம்ல?

தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவருக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது இயல்பான வேகம். அந்தப் பழக்கத்தில் 12-ஐ 5-ஆல் வகுத்துவிடுகிறோம். தரை சமமாக இருக்கும் வரைதான் அந்த வகுத்தல் செல்லும். மலையில் நேரத்தைத் தீர்மானிப்பது தூரத்தைவிட ஏற்றம். ஆகவே ஒரு மலையைப் பற்றி விசாரிக்கும்போது “எத்தனை கிலோமீட்டர்?” என்பதோடு நிறுத்தாமல், “அடிவாரத்திலிருந்து எத்தனை மீட்டர் உயர வேண்டும்?” என்றும் கேளுங்கள்.

நம் முன்னோர் தூரத்தையே நேரத்தால்தான் அளந்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்த நேரத்தில் நடந்து கடக்கும் தொலைவு ‘நாழிகைவழி’. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அது சரியாக 2 கிலோமீட்டர் ஆகும். மலைக்கு அந்தப் பார்வைதான் பொருந்தும்: வழியைக் கிலோமீட்டராக எண்ணாமல் நிமிடங்களாக எண்ணிப் பழக வேண்டும்.

சரி, ஏத்தத்துக்குன்னு எவ்வளவு நேரம் சேக்கணும்?

இதற்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்பது அவர் கணக்கு. நம் அளவைகளில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டை இந்தப் பக்கம் முழுவதும் கூடவே கொண்டுசெல்வோம். மேலே போக 6 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர், வந்த வழியே திரும்புதல். ஏறும்போது தூரத்துக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 60 நிமிடம், ஆக 132 நிமிடம். இறங்கும்போது தூரத்துக்கு மட்டும் 72 நிமிடம். மொத்தம் 204 நிமிடம், அதாவது 3 மணி 24 நிமிடம். இது நிற்காமல், நல்ல பாதையில், உடல் தேறியவர் நடக்கும் நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

இறங்கும்போது கடகடன்னு வந்துரலாமே, அதைக் கழிச்சுக்கலாமா?

கழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நெய்ஸ்மித் விதிக்குப் பின்னாளில் லாங்மியூர் என்பவர் ஒரு திருத்தம் தந்தார்: 5 முதல் 12 பாகை வரையான மென்சரிவில் 300 மீட்டர் இறக்கத்துக்குப் பத்து நிமிடம் கழிக்கலாம், அதைவிடச் செங்குத்தான சரிவில் அதே பத்து நிமிடத்தைக் கூட்ட வேண்டும். இதில் பலரும் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கழித்தலைச் செய்து பார்த்தால் அதன் எல்லை தெரிந்துவிடும். ஒரு கிலோமீட்டருக்குள் 200 மீட்டர் இறங்கும் சரிவு 11 பாகைக்குச் சற்று மேல், விதிப்படி மென்சரிவுதான். அங்கே 12 நிமிடத்தில் ஏறத்தாழ ஆறே முக்கால் நிமிடம் கழிந்து, ஒரு கிலோமீட்டரை ஐந்தேகால் நிமிடத்தில் கடக்க வேண்டியிருக்கும். அது நடையன்று, ஓட்டம். உருளும் சரளையும் காய்ந்த சருகும் கிடக்கும் நம் மலைச்சரிவில் அப்படி இறங்குபவர் கணுக்காலைத்தான் பணயம் வைக்கிறார்.

எவ்வளவு ஏத்தம்னு வீட்டுல உக்காந்தே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் ஓடும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். பூக்கட்டும் நூலை நனைத்துப் பாதையின் வளைவு நெளிவுகளின் மேல் படியவைத்து, பிறகு எடுத்து நேராக நீட்டி அளவுகோலில் வைத்தால் தூரம் கிடைத்துவிடும். நனைந்த நூல் தாளோடு ஒட்டி நிற்கும். காய்ந்த நூல் வளைவுகளில் விலகிப் போகும். அதன் பிறகு நூல் எத்தனை கோடுகளைக் கடந்தது என்று எண்ணுங்கள். ஏறும் திசையில் கோடு ஒன்றுக்கு இரண்டு நிமிடம். நெய்ஸ்மித் விதியின் ஏற்றக் கணக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

உச்சியின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழிப்பதோடு நின்றுவிடக் கூடாது. பாதை ஓர் ஓடைக்குள் 80 மீட்டர் இறங்கி மறுபடி ஏறினால், அந்த 80 மீட்டரும் ஏற்றக் கணக்கில் சேரும். அதே வழியில் திரும்புகிறவருக்குத் திரும்பும்போதும் ஒரு 80 உண்டு. இரண்டு மூன்று மேடு பள்ளங்களைத் தாண்டிப் போகும் பாதைகளில் எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த வெள்ளைக்காரர் கணக்கு நம்ம கரட்டுக்குச் சரியா வருமா?

அப்படியே வராது. ஈரப்புல்லும் குளிர்காற்றும் உள்ள மலையில் நடந்தவர் விதித்த எண் அது. நமக்குக் கருவேல முள், ஆளுயரப் பாறைகளுக்கு இடையே கைவைத்து ஏறும் இடங்கள், ஒன்பது மணிக்கே சுட ஆரம்பிக்கும் பாறை ஆகியவை உண்டு. நான் நடைநேரத்தை ஒன்றேகாலால் பெருக்கிக்கொண்டு, மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வையும் சேர்த்துக்கொள்கிறேன். நம் எடுத்துக்காட்டில் 204 நிமிடம் 255 ஆகிறது. ஓய்வுக்கு ஒரு முக்கால் மணி நேரம். ஆக ஐந்து மணி நேரம். முதல் கேள்வியில் கேட்ட இரண்டரை மணி நேரத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு.

நல்ல நடைபாதை இருந்தால் ஒன்றேகால் போதும். தடம் இல்லாத புதர்க்காட்டில் ஒன்றரையாகவும் இரண்டாகவும் உயரும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் சதுரகிரி ஏறுகிறவர்களுக்கு எந்தப் பெருக்கலும் உதவாது. ஒடுங்கிய பாறை இடுக்குகளில் கூட்டம் நகரும் வேகமே உங்கள் வேகம்.

என்னோட வேகம் எவ்வளவுன்னு எப்படிப் பாக்குறது?

கீழக்குயில்குடி சமணர்மலை இதற்கு மிகவும் தோதான இடம். அடிவாரத்தில் கருப்பசாமி கோயிலும் தாமரைக்குளமும் ஆலமரமும் இருக்கின்றன. ஆலமரத்தடியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பாறையில் வெட்டிய படிகள் வழியே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும் பேச்சிப்பள்ளத்தையும் அதற்கு மேலும் ஏறி, மீண்டும் நேரத்தைக் குறியுங்கள். உயரத்தை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டால் 100 மீட்டருக்கு உங்களுக்கு எத்தனை நிமிடம் என்பது வந்துவிடும். ஆனால் அது களைப்பில்லாத கால்களின் வேகம். மூன்றாம் மணி நேரத்தில் அதே வேகம் நிற்காது என்பதால், கிடைத்த எண்ணோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி எழுதிக்கொள்வது நல்லது.

மலைக்குப் போக முடியாதவர்கள் மாடிப்படிகளில் அளக்கலாம். படி ஒன்று 16 சென்டிமீட்டர் என்றால் 625 படிகள் 100 மீட்டர். பழனி மலையின் ஏறத்தாழ 690 படிகளை எத்தனை நிமிடத்தில் ஏறினீர்கள் என்பது நினைவிருந்தால் அதுவே ஒரு தோராயம் தந்துவிடும்.

வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை நடக்கிறேன். அது போதாதா?

நெடுநேரம் நடக்கும் பொறுமைக்கும் பாதத்தின் உறுதிக்கும் அது மிக நல்ல பயிற்சி. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தார்ச்சாலையில் தொடையின் முன்தசை அவ்வளவாக வேலை செய்வதில்லை. மலை இறங்கும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டியிருக்கிறது; மறுநாள் காலையில் படி இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். யாத்திரை நடந்தவர்களும் நான்கு வாரம் படி ஏறி இறங்கிப் பழகிவிட்டு வரட்டும்.

ஒரு மலை ஏறி இறங்க எத்தனை கலோரி ஆகும்?

இரண்டு எண்கள் போதும். சமதரையில் இயல்பான வேகத்தில் நடக்கும்போது, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோகலோரி செலவாகிறது. ஏற்றத்தில், ஒரு கிலோ எடைக்கு 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிலோகலோரி கூடுதலாகச் செலவாகிறது. எடை என்பது உடலும் பையும் சேர்ந்தது. 60 கிலோ ஆள் 6 கிலோ பையோடு நம் எடுத்துக்காட்டு மலைக்குப் போகிறார் என்று கொள்வோம். 12 × 0.7 × 66 என்பது ஏறத்தாழ 555. கரடுமுரடான பாதைக்காக அதை 1.2-ஆல் பெருக்கினால் 665. ஏற்றத்துக்கு 6 × 0.9 × 66, அதாவது 356. ஓய்வு நேரத்தில் உடல் தன் இயக்கத்துக்குச் செலவிடும் 45-ஐயும் சேர்த்தால் ஏறத்தாழ 1,070 கிலோகலோரி.

ஏற்றத்துக்கான எண் எங்கிருந்து வந்தது என்று பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். 66 கிலோவை 600 மீட்டர் தூக்க 388 கிலோஜூல் வேண்டும். அது 93 கிலோகலோரி. தசை தான் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது, மற்றது வெப்பமாகப் போகிறது. 93-ஐ நான்கால் பெருக்கினால் 372. மேலே வந்த 356-க்கு மிக அருகில். ஏறும்போது உடல் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்பதற்கும் இதுவே விடை.

இதில் 300 கிலோகலோரி, அந்த ஐந்து மணி நேரம் வீட்டில் சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மலைக்கென்று கூடுதலாகப் போனது ஏறத்தாழ 770. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி இருப்பதால், ஒரு நாள் மலையேற்றத்தால் குறையக்கூடிய கொழுப்பு 100 கிராம். எடை குறைக்க மட்டும் வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆனா என் வாட்ச் 1,800 காட்டுதே, எது சரி?

கைக்கடிகாரங்களும் செயலிகளும் பல நேரங்களில் ஒரே பெருக்கல்தான் போடுகின்றன. ஓய்வு நிலையைப் போல் மலைநடை ஆறு மடங்கு என்பது அட்டவணைகளில் உள்ள எண். 6 × 60 கிலோ × 5 மணி நேரம் என்று பெருக்கினால் 1,800. நீங்கள் பாறை நிழலில் அமர்ந்து கடலைமிட்டாய் தின்ற முக்கால் மணி நேரத்தையும், மெல்ல இறங்கிவந்த நேரத்தையும் ஏறியதாகவே அந்தப் பெருக்கல் எடுத்துக்கொள்கிறது. இன்னொரு பிழையும் உண்டு. செயற்கைக்கோள் வழியே அறியும் உயரம் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே சில மீட்டர் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தையெல்லாம் ஏற்றமாகக் கூட்டினால் 600 மீட்டர் எளிதில் 700 ஆகிவிடும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் அறியும் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு.

பையில ரெண்டு கிலோ கூடினா என்ன ஆயிரப் போகுது?

கலோரிக் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே உள்ள எண்களில் போட்டால் 30 கிலோகலோரிதான் கூடும். ஆனால் சுமை கூடக்கூடச் செலவு நேர்விகிதத்தில் மட்டும் ஏறுவதில்லை. படைவீரர்களின் சுமைநடைக்காக 1977-இல் பாண்டால்ஃபும் உடனிருந்தோரும் வகுத்த சமன்பாட்டில், உடல் எடைக்கும் சுமைக்கும் உள்ள விகிதம் இருமடியாக வருகிறது. ஐந்து கிலோ ஏழாவதைவிட, பதினைந்து கிலோ பதினேழாவது உடலுக்கு அதிகம் வலிக்கும்.

அதே சமன்பாட்டில் தரைக்கும் ஓர் எண் உண்டு. தார்ச்சாலை 1, மண்சாலை 1.1, மெல்லிய புதர் 1.2, அடர்ந்த புதர் 1.5, உதிரிமணல் 2.1. வைகை மணலில் அரை கிலோமீட்டர் நடந்து பார்த்தவருக்கு அந்தக் கடைசி எண்ணை விளக்க வேண்டியதில்லை.

மெதுவா நடந்தா தெம்பு மிச்சமாகுமா?

600 மீட்டர் ஏறுவதற்கான வேலை, இரண்டு மணி நேரத்தில் ஏறினாலும் நான்கு மணி நேரத்தில் ஏறினாலும் ஒன்றுதான். மிகவும் மெதுவாக நடந்தால் உடலின் அடிப்படைச் செலவு கூடுதல் மணி நேரங்களுக்கும் ஓடும் என்பதால் மொத்தக் கலோரி சற்றுக் கூடவும் செய்யும். ஆனாலும் மெதுவாக ஏறச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. வேகம் கூடினால் உடல் கொழுப்பைவிட மாவுச்சத்துச் சேமிப்பை அதிகமாக எரிக்கிறது. அந்தச் சேமிப்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்து 400 முதல் 500 கிராம் வரைதான். ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. அது தீர்ந்தால் கால் நகராது. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

சாப்பாடும் தண்ணியும் எவ்வளவு எடுத்துட்டு வரணும்?

கிளம்பும் முன் நான்கு இட்லி; அது 200 கிலோகலோரிக்குச் சற்று மேல். நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, பசிக்காவிட்டாலும் மணிக்கு 150 முதல் 200 கிலோகலோரி வரை உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழம் ஏறத்தாழ 100, முப்பது கிராம் கடலைமிட்டாய் ஏறத்தாழ 150. புளியோதரைப் பொட்டலத்தைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் வயிறு நிறையத் தின்றுவிட்டு இறங்குகிறவர்கள் கால் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் குளிர்ந்த காலையில் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறியபின் முக்கால் முதல் ஒரு லிட்டர். ஐந்து மணி நேரத்துக்கு மூன்று லிட்டர் என்பது மூன்று கிலோ. பையின் பாதி எடை தண்ணீர்தான், அது நடக்க நடக்கக் குறையும். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஒரு பாட்டிலில் உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ இருக்கட்டும்.

சித்திரை வெயில்லயும் இதே கணக்குதானா?

இல்லை. மதுரையில் வெப்பம் 40 பாகையைத் தொடும் நாள்களில் எந்தப் பெருக்கலையும் நான் நம்புவதில்லை, பயணத்தையே தள்ளிவைக்கிறேன். ஏற்றத்தில் தசை எரிப்பதில் முக்கால் பங்கு வெப்பமாகிறது என்று மேலே பார்த்தோம். வெளிக்காற்றும் உடலைவிடச் சூடாக இருந்தால் வியர்வை ஒன்றைத் தவிர அந்த வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை.

கோடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் பற்றிய தீ மலைச்சரிவில் மேல்நோக்கி மிக விரைவாகப் பாயும். மேட்டுப் பாதையில் மனிதர் நடக்கும் வேகம் அதற்கு ஈடாகாது. தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடும்போது யாரும் குறுக்குவழி கேட்டு என்னிடம் வர வேண்டாம்.

டோப்ளர் சூத்திரம்னு ஒண்ணு இருக்காமே, அதுல நேரம் கம்மியா வருதே?

புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993-இல் தந்த சூத்திரம் அது. சரிவுக்குத் தகுந்தாற்போல் வேகம் தொடர்ச்சியாக மாறுகிறது என்பதும், 5 சதவீத மென்மையான இறக்கத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் என்ற உச்ச வேகம் வருகிறது என்பதும் அதன் சிறப்பு. கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏறும் பாதையில் டோப்ளருக்கு 17 நிமிடம், நெய்ஸ்மித்துக்கு 22 நிமிடம். செங்குத்தான இறக்கத்தில் டோப்ளர் வேகத்தைக் குறைக்கிறார், நெய்ஸ்மித் அதைக் கண்டுகொள்வதில்லை. செயலிகள் பலவற்றில் டோப்ளர் வகைச் சூத்திரங்கள் இருப்பதால் உங்களுக்குக் குறைந்த நேரம் தெரிகிறது. தடமில்லாத இடத்தில் வேகத்தை 0.6-ஆல் பெருக்க வேண்டும் என்ற குறிப்பும் அந்தச் சூத்திரத்தோடு சேர்ந்ததே. இரண்டும் வேறுபட்டால் கூடுதலான நேரத்தை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

பத்துப் பேர் போறோம். யாரோட வேகத்தை வச்சுக் கணக்குப் போடுறது?

மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தை. அவரை முன்னால் விட்டு நடக்கச் சொல்லுங்கள். பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் ஓய்வெடுத்து எழும் நேரத்துக்குத்தான் அவர் வந்து சேர்வார், அவருக்கு ஓய்வே கிடைக்காது. ஆள் கூடக்கூடச் செருப்பு வார் அறுவதும் பாட்டில் உருள்வதும் கூடும் என்பதால், பத்துப் பேருக்கு அரை மணி நேரம் தனியாகச் சேர்த்துவிடுகிறேன்.

கணக்குப்படி ஒன்பது மணிக்கு உச்சியில இருக்கணும். பத்தாகியும் பாதிதான் வந்திருக்கோம்னா?

திரும்பிவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதேகாலுக்கு உச்சி, பதினொன்றுக்கு அடிவாரம். கிளம்பும் முன்பே “பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்” என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லி, அதை ஒருவர் குறித்தும் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே நின்று எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கார்த்திகை மாதத்தில். மேற்குத்தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். சூரியன் மறைய ஆறு மணி ஆகும் என்று எண்ணி நேரத்தை ஒதுக்கியிருந்தேன். ஆனால் அந்தச் சரிவில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் நாலரை மணிக்கே போய்விட்டது. மரநிழலில் ஐந்தேகாலுக்குக் கல் எது குழி எது என்று தெரியவில்லை. ஏழு பேருக்கு ஒரே ஒரு தொலைபேசி விளக்கு. ஒருவர் இறங்கி நின்று அடுத்தவர் காலடிக்கு வெளிச்சம் காட்டி, அவர் நின்றபின் அடுத்தவர் என்று கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து, கிழக்குச் சரிவுகளில் வெளிச்சம் தீரும் நேரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிக் குறித்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு இல்லாமல் யாரையும் அடிவாரத்திலிருந்து நகர விடுவதில்லை.